ஊருக்குச் சொன்ன ரத்தக் குறைவு

என் கணவருக்கு வந்தது ரத்தப் புற்றுநோய். ஊருக்குச் சொன்னது ரத்தக் குறைவு. அந்தப் பொய்யால் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த ஆட்டு ஈரலை எல்லாம் சேர்த்து வைத்திருந்தால், கூலிம் ஊர்ப் பாசாரில் நானே ஒரு ஈரல் கடை போட்டிருக்கலாம்.

ரத்தக் குறைவு என்று சொன்னால் போதும், நம் ஆட்களுக்குக் கை பரபரக்கத் தொடங்கிவிடும். ஆளுக்கொரு வைத்தியம் கையில் இருக்கும். எதிர்வீட்டுக்காரி முருங்கைக்கீரை சூப்போடு வந்தாள். பின் வரிசை அண்ணன் பீட்ரூட் சாற்றைப் போத்தலில் நிரப்பிக்கொண்டு வந்து, குடித்து முடிக்கும்வரை நாற்காலியை விட்டு எழாமல் காவல் இருந்தார். எங்கள் தாமான் குடியிருப்பின் கோயில் தலைவர் எல்லாரையும் தாண்டிப் போனார். "ரத்தம் வேணும்னா ஒரு வார்த்தை சொல்லுங்க லா, நம்ம பையன்கள வரிசையா நிப்பாட்டிடுறேன்" என்றார். வெறும் பேச்சு இல்லை, நிப்பாட்டியும் காட்டினார். மண்டபத்தில் ரத்த தான முகாம் நடந்தது. என் கணவருக்கு மாலை போட்டு முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். வெள்ளை அணுக்கள் அளவுக்கு மேல் பெருகி வழிகிற மனிதர், ரத்தம் வற்றிப்போனவராக மேடையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது.

இவர் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ் ஓட்டியவர். லைசென்ஸ் புதுப்பிக்க உடம்பைப் பார்க்கப் போன இடத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. உடம்பில் ஒரு வலி கிடையாது, ஒரு சளி கிடையாது. ரத்தத்தில் மட்டும் வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த டாக்டர் ஒரு மலாய்ப் பெண், சின்ன வயது, ஆனால் பொறுமைசாலி. இது நாள்பட்ட வகை, மெதுவாக வளரும், இப்போதைக்கு மருந்து வேண்டாம், அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்றார். "துங்கு டூலு" என்று சிரித்தபடி சொன்னார். மலாயில் கொஞ்சம் பொறுத்திருங்கள் என்று அர்த்தம்.

மருந்தே கொடுக்காத டாக்டரை எங்கள் குடும்பத்தில் யாராவது மதிப்பார்களா? முக்கியமாக என் கணவரின் அக்கா. அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பெற்றவர்கள் இருவரும் சீக்கிரம் போய்ச் சேர்ந்ததால், தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அவர். பிறகு ஜித்ராவில் சேலைக்கடை வைத்திருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டு, கொஞ்ச நாளிலேயே அந்தக் கடைக்கும் கணவருக்கும் முதலாளி ஆனவர். நான் அவரை அண்ணி என்பேன். அண்ணி சொல்லாமல் எங்கள் வீட்டில் சுவருக்குச் சாயம்கூட மாறாது. "மருந்து குடுக்காம அனுப்புறான்னா அது நோயே இல்ல லா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். என் கணவரும் அக்கா சொல்லிவிட்டால் சரிதான் என்று பழையபடி பஸ் ஓட்டப் போய்விட்டார்.

சில வருடங்கள் அப்படியே ஓடின. பிறகு உடம்பு இளைத்தது. கழுத்தில் இரண்டு பக்கமும் கட்டிகள் எழும்பின. படியேறினால் மூச்சு வாங்கியது. டாக்டர் பார்த்துவிட்டு, இனி சிகிச்சை தொடங்க வேண்டும், அதற்கு முன்னால் ஒரு மரபணுப் பரிசோதனை கட்டாயம் எடுக்க வேண்டும் என்றார்.

ஏன் என்று நான் கேட்டேன். அந்தப் பெண் நேரம் எடுத்துக்கொண்டு சொன்னார். உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் காவலுக்கு ஒரு மரபணு இருக்கிறதாம். செல் பழுதாகிவிட்டால், பெருகாதே, நில் என்று அது தடுக்கும். சரிசெய்ய முடியாத பழுது என்றால் செத்துப்போ என்று உத்தரவு போடும். இந்த நோய் வந்தவர்களில் சிலருக்கு, கெட்டுப்போன வெள்ளை அணுக்களில் அந்த மரபணு இருக்கிற துண்டே அறுந்து காணாமல் போயிருக்கும். சிலருக்கு இருக்கும், ஆனால் உருமாறி வேலை செய்யாமல் கிடக்கும். வழக்கமாக ட்ரிப்பில் ஏற்றும் மருந்து செல்லைப் பழுதாக்க மட்டுமே செய்கிறது. சாகச் சொல்லும் உத்தரவு அந்தக் காவல் மரபணுவிடமிருந்து வர வேண்டும். அது இல்லாத ஆளுக்கு ட்ரிப் ஏற்றினால், கெட்ட அணுக்கள் அலட்டிக்கொள்ளாமல் இருக்கும், நல்ல அணுக்கள்தான் செத்து விழும். அப்படிப்பட்டவர்களுக்கு வேறு வழியாகப் போய் வேலை செய்யும் மாத்திரை இருக்கிறது என்றார்.

எனக்கு அது நன்றாகவே புரிந்தது. நான் ஹைடெக் பார்க்கில் எலக்ட்ரானிக் சாமான் செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். பெல்ட்டில் வரும் போர்டுகளைப் பார்த்து, கீறல் விழுந்ததைத் தூக்கிக் கழிவுப் பெட்டியில் போடுவது என் வேலை. அந்த இடத்தில் ஆளே இல்லை என்றால், எவ்வளவு கீறல் விழுந்தாலும் சரக்கு அட்டைப் பெட்டிக்குள் போய்க்கொண்டுதான் இருக்கும்.

என் கணவர் கேட்டது ஒரே கேள்வி. "என் பிள்ளைகளுக்கு வருமா?" எங்களுக்கு இரண்டு பெண்கள். டாக்டர் அவரை நேராகப் பார்த்துச் சொன்னார்: இந்த மரபணு நீங்கள் பிறக்கும்போது நன்றாகத்தான் இருந்திருக்கும். போயிருந்தால், இந்தக் கெட்ட அணுக்களில் மட்டும், உங்கள் வாழ்நாளில் நடுவில் போயிருக்கும். பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சமாச்சாரம் இல்லை. இந்த நோய் சில குடும்பங்களில் கொஞ்சம் கூடுதலாகத் தென்படுவது உண்டு, அது வேறு விஷயம், அதற்காக நீங்கள் பயப்பட வேண்டாம்.

இவ்வளவு சொன்னதில் என் கணவரின் காதில் விழுந்தது, 'சில குடும்பங்களில்' என்பது மட்டும். அதை அப்படியே ஏந்திக்கொண்டு போய், ஆஸ்பத்திரியின் கார் நிறுத்தும் இடத்திலேயே நின்று அக்காவுக்குப் போன் போட்டார்.

மறுநாள் காலை, நாங்கள் பசியாறி முடிப்பதற்குள் ஜித்ரா காடி வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. அண்ணி, அவர் பின்னால் பையைச் சுமந்துகொண்டு அவர் வீட்டுக்காரர். பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் மூத்த பெண்ணுக்கு ஜித்ராவில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியரைப் பேசி முடித்து, பரிசத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். சம்பந்தம் கொண்டுவந்தது அண்ணி. மாப்பிள்ளையின் அம்மா அண்ணியின் கடைக்கு வருகிறவர். அதனால் இது எங்கள் மகளின் கல்யாணம் என்பதைவிட அண்ணியின் கடைக்கு வந்த கௌரவம் என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஜீன் டெஸ்ட்டா? பரம்பரையில கோளாறுன்னு நாமளே போயி முத்திர குத்திக்கிறதா?" என்று செருப்பைக் கழற்றும்போதே தொடங்கினார்.

"அண்ணி, பரம்பரை இல்ல அண்ணி. அந்தக் கெட்ட அணுவில மட்டும் இருக்கான்னு பாக்கிறது. டாக்டர் தெளிவா சொன்னாங்க."

"டாக்டர் சொல்லுவாங்க லா. ஜித்ராவுல இருக்கிறவங்களுக்கு யாரு போயி சொல்றது? ஜீன்னா ஜீன்தான். அப்பனுக்கு இருந்தா மகளுக்கும் இருக்கும்பாங்க. சின்னவளையும் சேத்துத்தான் பேசுவாங்க."

"யாருக்குத் தெரியப் போகுது?"

"ஆஸ்பத்திரி பூரா நம்ம பிள்ளைங்கதான் மிஸ்ஸி வேல பாக்குதுங்க. ஒருத்தி வாயத் தொறந்தா போதும், அலோர் ஸ்டார் வரைக்கும் போயிரும்."

ஆஸ்பத்திரி தாதிகள் எல்லாரும் எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்காகவே வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள் என்பது அண்ணியின் நினைப்பு. ஊரில் அவரவருக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்பது எங்கள் ஆட்களின் மண்டையில் ஏறவே ஏறாது. எல்லாரும் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைப்பதில் ஒரு பெருமையும் இருக்கிறது போல.

அன்றைக்கு எங்கள் கூடத்தில் உட்கார்ந்து நோய்க்கும் பெயர் வைத்தார்கள். ரத்தக் குறைவு. அண்ணியின் வீட்டுக்காரர் வாயைத் திறந்து சொன்ன ஒரே யோசனை அதுதான். எல்லாருக்கும் பிடித்துவிட்டது.

அண்ணி அதோடும் விடவில்லை. பத்துப் பொருத்தமும் பார்த்துக் கொடுத்த அதே ஜோசியரிடம் போய், இந்த வம்சத்து ரத்தத்தில் தோஷம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்தார். ஆஸ்பத்திரி சொல்வதை நம்பாதவர், கட்டத்தைப் பார்த்துச் சொல்வதை நம்பினார். தோட்டத்து முனியாண்டிக்குச் செய்ய வேண்டியதைப் பல வருடங்களாகச் செய்யாமல் விட்டதுதான் காரணம் என்று ஜோசியர் கண்டுபிடித்தாராம். எல்லாரும் பாடாங் மேஹாவுக்குப் போனோம். தோட்டத்து வீடுகளை இடித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் தகரக் கூரையோடு இருக்கிறது. சுருட்டு, பீர், கிடாய் எல்லாம் முறைப்படி நடந்தது. கிடாயின் ஈரலை யார் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணியை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. என் ஆத்திரத்தில் பாதி அவர் மேல் என்றால், மீதிப் பாதி முழுக்க இவர் மேல்தான். டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்து, பஸ்ஸில் சில்லறை வேண்டாம் என்று சொல்வதுபோல, "தாக் பாயா, டாக்டர்" என்றார். பரிசோதனை வேண்டாமாம். டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தார். "நீங்கள் பஸ் ஓட்டுகிறவர். விளக்கு இல்லாத பஸ்ஸை என்னிடம் கொடுத்து ஓட்டச் சொல்கிறீர்கள்" என்றுகூடச் சொன்னார். இவர் சிரித்தார். கட்டாயப்படுத்த எனக்கு உரிமை இல்லை, நோயையும் இனிமேல் தள்ளிப்போட முடியாது, வழக்கமான மருந்தையே தொடங்குகிறேன் என்று டாக்டர் கடைசியில் ஒத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் கத்தினேன். பாதிவழியில் இவர் காடியை ஓரமாக நிறுத்தினார்.

"ஏன்டி கத்துற? எனக்கு என்ன ஆச? மணவறையில உக்காந்து, பெரியவ கையப் பிடிச்சு அந்தப் பையன் கையில குடுக்கணும். அது நடந்துட்டா போதும். அதுக்கப்புறம் நீ சொல்ற டெஸ்ட் அத்தனையும் எடுத்துக்கிறேன்."

"அது வரைக்கும் இருக்க வேண்டாமா?"

"இருப்பேன். முனியாண்டி பாத்துக்குவாரு."

மருந்து வேலை செய்யாவிட்டால் முனியாண்டி என்ன செய்வார்? பேசித் திருத்துகிற ஆள் இல்லை இவர்.

ட்ரிப் ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து நாள் கணக்கில் சுருண்டு கிடந்தார். வாயெல்லாம் புண். சோற்றைக் கண்டாலே குமட்டல். சின்னவள் கஞ்சி காய்ச்சி, ஆறவைத்து, கரண்டி கரண்டியாக ஊட்டினாள். கட்டிகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. முடி அவ்வளவாகக் கொட்டவில்லை. அண்ணிக்கு அதில்தான் பெரிய நிம்மதி. "மொட்ட ஆகியிருந்தா தெரிஞ்சு போயிருக்கும் லா" என்று சாமி படத்துக்குச் சூடம் காட்டினார். கழுத்துக் கட்டிகளை மறைக்க, தன் கடையிலேயே காலர் உயரமாக வைத்து ஜிப்பா தைத்து அனுப்பினார். நல்ல துணி, நல்ல தையல். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் கால்வாசியை டாக்டர் சொன்னதைக் கேட்பதில் காட்டியிருக்கலாம்.

பரிசம் எங்கள் வீட்டில்தான் நடந்தது. வாசலில் கூடாரம் போட்டு, ரோட்டில் பாதியை மறித்து, ஒலிபெருக்கி கட்டி, தாமானே அதிரும்படி நடந்தது. ஜித்ராவிலிருந்து பஸ் வைத்துக்கொண்டு வந்தார்கள். என் கணவர் உயரக் காலர் ஜிப்பாவோடு வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றார். நிற்க முடியாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. அண்ணி அவர் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றார், யாராவது நலம் விசாரித்தால் முந்திக்கொண்டு பதில் சொல்வதற்காக.

தட்டு மாற்றி முடிந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா கை கழுவுகிற சாக்கில் என் பின்னாலேயே சமையலறைக்குள் வந்தார். கதவைச் சாத்தினார்.

"சம்மந்தி, ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது. அண்ணனுக்கு ரத்தக் குறைவு இல்லதானே?"

நான் குழாயைத் திறந்து ஒரு தட்டைக் கழுவத் தொடங்கினேன். அவரே தொடர்ந்தார்.

"என்கூடப் பொறந்த அண்ணனுக்கும் இதேதான். கழுத்துல ரெண்டு பக்கமும் இதே மாதிரிக் கட்டி. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். காலர ஏத்தித் தச்சா மறைஞ்சிருமா?"

"தெரிஞ்சுமா பேசாம இருந்தீங்க?"

"நாங்க மாப்பிள்ள வீடு. நாங்க வாயத் தொறந்து கேட்டா துருவுற மாதிரி ஆயிரும். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தோம். நீங்க ரத்தக் குறைவுன்னீங்க. உங்க மனசு நோகக் கூடாதேன்னு நாங்களும் சரின்னு ஈரல் குடுத்து விட்டோம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "காவல் மரபணு ஒண்ணு இருக்காமே, அதப் பாத்துட்டுத்தானே ட்ரிப் ஏத்துறாங்க? எங்கண்ணனுக்கு அதப் பாக்காம ஒரு சொட்டு ஏத்தல. அது இல்லன்னு தெரிஞ்சதும் மாத்திரைதான் குடுத்தாங்க. இப்ப நல்லாத்தான் இருக்காரு, கூடாரத்துல உக்காந்து சாப்புடுறாரு பாருங்க" என்றார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தடித்த உடம்போடு ஒருவர் இரண்டாம் முறை பிரியாணி போட்டுக்கொண்டிருந்தார்.

நம்ம ஊர்ப் பக்கம் இந்த நோய் அரிது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த அரிதான நோய், அண்ணி ஊரெல்லாம் சலித்துத் தேடிப் பிடித்த சம்பந்தத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஜோசியரின் கட்டத்தில் இந்தப் பொருத்தம் மட்டும் தெரியவில்லை. யாருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று நாங்கள் ஒளித்தோமோ, வாயைத் திறந்திருந்தால் முதல் நாளே எங்களுக்கு வழி சொல்லியிருக்கக்கூடியவர்கள் அவர்கள்தான். நாங்கள் கௌரவம் பார்த்தோம். அவர்கள் மரியாதை பார்த்தார்கள். இரண்டு வீட்டுப் பெருந்தன்மைக்கும் நடுவில் என் கணவருக்கு ட்ரிப் ஏறிக்கொண்டிருந்தது. அந்தச் சமையலறையில் எனக்கு வந்தது வெட்கம் இல்லை. சட்டியைத் தூக்கிச் சுவரில் அடிக்கும் அளவுக்கு ஆத்திரம். மாப்பிள்ளையின் அம்மா மேலும்தான். தெரிந்த விஷயத்தைச் சொல்வதைவிட ஈரல் கொடுத்து விடுவது நாகரிகம் என்று அந்த அம்மாளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். உள்ளே போனதும், யாரும் சொல்லாமலே சட்டைக் கையை மேலே ஏற்றிக் கையை நீட்டினார். ரத்தம் எடுத்தார்கள்.

காவல் மரபணு இல்லை. கெட்ட அணுக்களில் பெரும்பாலானவற்றில் அது அறுந்து போயிருந்தது. ட்ரிப்பை நிறுத்தி, மாத்திரைக்கு அந்த டாக்டரே முயற்சி எடுத்து ஏற்பாடு செய்தார். மரபணு ஆரம்பத்திலேயே போயிருந்ததா என்று நான் கேட்டேன். அதை இனி உறுதியாகச் சொல்ல முடியாது, ட்ரிப் ஏற்றும்போது மற்ற அணுக்கள் செத்து, அது இல்லாத அணுக்கள் மட்டும் தங்கிப் பெருகுவதும் நடக்கும் என்றார். அந்தப் பெண் தெரிந்ததை மட்டும் சொல்கிறவர். இதைக் கேட்டதும் அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். "பாத்தியா, அப்பவே எடுத்திருந்தாலும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. நான் சொன்னது சரிதான் லா." இந்த மனுஷிக்கு எதைக் கொடுத்தாலும் தனக்குச் சாதகமாகத் தைத்துப் போட்டுக்கொள்ளத் தெரியும்.

மாத்திரை வேலை செய்தது. கழுத்துக் கட்டிகள் வாரத்துக்கு வாரம் வற்றின. இவர் வட்டக் கழுத்து டி-சட்டை போட்டுக்கொண்டு கோயில் வரைக்கும் நடந்து போய் வந்தார். கல்யாணத்தன்று கட்டிக்கொள்ளப் பட்டு வேட்டியை எடுத்துக் கட்டிலில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. ஆனால் ட்ரிப் கொன்றுபோட்ட நல்ல அணுக்கள் அவ்வளவு சீக்கிரம் திரும்பி வரவில்லை. கூட்டத்துக்குள் போகக் கூடாது, காய்ச்சல் வந்தால் உடனே ஓடி வர வேண்டும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். கல்யாண வாரத்தில் வீடு நிறைய ஜனம், ஆளுக்கொரு இருமல். இவருக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டிவிட்டது. தனி அறையில் படுக்க வைத்து மூக்கில் குழாய் மாட்டினார்கள். மண்டபத்துக்கு அனுப்பும் பேச்சுக்கே இடமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேதியைத் தள்ளிப்போடலாம் என்று நானும் பெரியவளும் சொன்னோம். நாள் குறித்ததைத் தள்ளினால் ஊர் என்ன பேசும் என்று அண்ணி சொன்னார். அங்கே படுத்துக்கொண்டு இவரும் அதையே சொன்னார்.

கன்னிகாதானத்துக்குத் தம்பதியாகத்தான் உட்கார வேண்டும், நான் தனியாக உட்காரக் கூடாதாம். அதனால் அண்ணியும் அவர் வீட்டுக்காரரும் மணவறையில் உட்கார்ந்தார்கள். என் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் கொடுத்தது, வாழ்நாளில் ஒரே ஒரு யோசனை சொன்ன அந்த மனிதர். தண்ணீர் வார்த்தது அண்ணி. கையை இழுத்துக்கொள்ளாமல் இருக்கப் பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது அவள் தாடையில் தெரிந்தது. நான் ஒரு தூண் பக்கத்தில் நின்றேன். மூன்று முடிச்சும் விழுந்ததும் மகளின் பக்கத்தில் போனேன். படம் எடுக்கிற பையன் கேமராவிலிருந்து தலையைத் தூக்கி, "ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளிக்கங்க. பொண்ணோட அம்மா அப்பா மட்டும் மொதல்ல" என்றான். அண்ணி என்னைப் பார்த்தார். அவன் தவறாகச் சொல்லிவிட்டான் என்று யாராவது சொல்வார்கள் என்று ஒரு நொடி காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. அண்ணி முந்தானையைச் சரிசெய்துகொண்டு கேமராவைப் பார்த்தார்.

பந்தி முடிவதற்குள் சின்னவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பட்டுப்புடவையை மாற்றவில்லை. காய்ச்சல் இறங்கியிருந்தது. சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். முகக்கவசம் போட்டுக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். சின்னவள் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு வந்திருந்த கன்னிகாதானத்தை அவருக்குக் காட்டினாள். அவர் அதைப் பார்த்து முடித்துவிட்டு, இன்னொரு தடவை போடச் சொன்னார். கண் ஓரத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவில்லை. உயிரைப் பணயம் வைத்து எதற்காக ஒளித்தாரோ, அதை உள்ளங்கை அளவுத் திரையில் பார்த்தார். பாவி மனுஷன் என்று மனதுக்குள் அழுதேன்.

"அக்கா நல்லாத்தான் செஞ்சிருக்கு" என்றார்.

நான் சின்னவளிடமிருந்து கைப்பேசியை வாங்கி அணைத்தேன்.

"பெரியவளுக்கு முடிஞ்சிச்சு. இனி சின்னவளுக்குப் பாக்கணும்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த மாத்திர விஷயம், ஜீன் விஷயமெல்லாம் வெளியில யாருக்கும் சொல்லிக்கிட்டு இருக்காத. கேட்டா ரத்தக் குறைவுன்னே சொல்லு."

சின்னவள் கட்டிலின் அந்தப் பக்கத்தில் நின்றிருந்தாள். போர்வையை இழுத்து அப்பாவின் கால்களை மூடினாள். "தூங்குங்கப்பா" என்று சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

லிஃப்டில் எங்களோடு ஒரு தமிழ்ப் பெண் ஏறினாள். கையில் சாப்பாட்டு மங்கு, பிளாஸ்க். என் பட்டுப்புடவையையும் தலைப்பூவையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"கல்யாணத்துல இருந்தா வர்றீங்க? யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

பழக்கதோஷம், என் வாய் திறந்துவிட்டது. முதல் எழுத்து வெளியே வருவதற்குள் சின்னவள் என் கையை அழுத்திப் பிடித்தாள்.

"எங்கப்பாவுக்கு, ஆன்ட்டி," என்றாள். "ரத்தப் புற்றுநோய்."